அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மேனிய அரசுகளும்

சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆர்மேனியன் தெரு என்று ஒரு தெரு உண்டு. தமிழில் அதற்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். ‘ஆர்மேனியன்’ என்ற சொல் நம் ஜனங்கள் வாயில் புகுந்து புறப்பட்டு ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது என்பார்கள். நாம் வாழும் கொல்கத்தாவிலும் படாபஜார் பக்கம் ஓர் ஆர்மேனியன் தெரு இருக்கிறது. அங்கே 1724-இல் கட்டிய நாசரேத் ஆலயம் இன்னும் நிற்கிறது. சங்கத்து அன்பர்கள் பலரும் அந்த வழியாகப் போய் வந்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் அரண்மனைக்காரன் என்று பெயர் சூட்டிய காலத்தில் அந்த ஜனங்களுக்கு அரண்மனை என்று ஒன்று கிடையாது. அவர்களுடைய கடைசி அரசன் முடியிழந்தது 1375-இல். வியாபாரிகளாக நம் துறைமுகங்களுக்கு வந்தபோது அவர்களுக்குச் சொந்தமாக ஓர் அரசே இல்லை. அதற்கு முன்போ ஒன்றல்ல, ஐந்தாறு அரச மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழுந்திருக்கின்றன. இத்தனை தடவை அரசு அழிந்தும் இந்த இனம் மட்டும் எப்படிக் கரையாமல் நின்றது? அந்த மரபுகளை வரிசையாகப் பார்த்து, இந்தக் கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

நாடு இருந்த இடம்

பழைய ஆர்மேனியா ஒரு மேட்டு நிலம். வான், செவான், உர்மியா என்ற மூன்று பெரிய ஏரிகளுக்கு இடைப்பட்ட மலை நாடு. நடுவே 5,137 மீட்டர் உயரத்தில் அராரத் மலை. டைகிரிஸ், யூப்ரடிஸ் நதிகள் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. இன்றைய ஆர்மேனியக் குடியரசின் பரப்பு சுமார் 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தை விடச் சின்னது. பழைய நாட்டின் பெரும்பகுதி இன்று துருக்கியின் கிழக்கு மாவட்டங்களாக இருக்கிறது. அராரத் மலை தலைநகர் யெரெவானிலிருந்து கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஆனால் அது வேறு நாட்டு மலை.

மேற்கே கிரேக்கரும் ரோமரும் பைசாந்தியரும். கிழக்கே பாரசீகரும் பார்த்தியரும். இரண்டு வல்லரசுகள் மோதும் இடத்தில் நாடு அமைந்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் ஆர்மேனிய வரலாற்றின் சுருக்கம்.

உரார்த்து: முன்னோடி அரசு

கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் வான் ஏரிக்கரையில் ஓர் அரசு தோன்றியது. அசிரியர்கள் அதை உரார்த்து என்றார்கள். அவர்களே தங்கள் நாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர் பியாய்னிலி. இதன் மன்னன் முதலாம் ஆர்கிஷ்தி கி.மு. 782-இல் எரெபுனி என்ற கோட்டையைக் கட்டினான். அதைச் சொல்லும் கல்வெட்டு 1950-இல் யெரெவானில் கிடைத்தது. யெரெவான் என்ற பெயரே எரெபுனியிலிருந்து வந்தது என்று கொள்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்து 1968-இல் நகரத்துக்கு 2,750-ஆவது ஆண்டு விழா எடுத்தார்கள்.

ஆனால் உரார்த்து மன்னர்களை அப்படியே ஆர்மேனியர் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கல்வெட்டு மொழி வேறு குடும்பம். ஆர்மேனிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் உரார்த்து மறைந்து, அதே நிலத்தில் ஆர்மேனியர் தலையெடுக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு பாறையே சாட்சி. பாரசீகப் பேரரசன் தாரியஸ் கி.மு. 520 வாக்கில் பெஹிஸ்துன் மலையில் மூன்று மொழிகளில் வெட்டிய கல்வெட்டில், பழம்பாரசீகப் பகுதி ‘அர்மினா’ என்று சொல்லும் நாட்டை, பாபிலோனியப் பகுதி ‘உராஷ்து’ என்கிறது. நாடு ஒன்று, பழைய பெயர் ஒன்று, புதுப் பெயர் ஒன்று. அவர்களோ தங்களை ‘ஹாய்’ என்றும் நாட்டை ‘ஹயஸ்தான்’ என்றும்தான் இன்றுவரை சொல்கிறார்கள்.

யெர்வந்துனி, அர்தாஷெஸ் மரபுகள்

பாரசீகருக்கு அடங்கிய மாகாணத் தலைவர்களாகத் தொடங்கியவர்கள் யெர்வந்துனி மரபினர். கி.மு. 401-இல் கிரேக்கப் படையோடு பனிக்காலத்தில் இந்த நாட்டைக் கடந்த செனோபோன், பூமிக்கடியில் தோண்டிய வீடுகளையும், ஜனங்கள் பார்லி மதுவை நாணல் குழலால் உறிஞ்சிக் குடித்ததையும் எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 331-இல் அலெக்சாண்டர் பாரசீகத்தை வீழ்த்தியபின் இந்த மரபினர் தனி அரசர்கள் போலவே ஆண்டார்கள்.

அடுத்து வந்தவன் அர்தாஷெஸ். செலூசியப் பேரரசன் மூன்றாம் ஆண்டியோகஸ் கி.மு. 190-இல் மக்னீசியா போரில் ரோமரிடம் தோற்றதும், அவனுடைய தளபதியாக இருந்த அர்தாஷெஸ் தானே அரசன் என்று அறிவித்துக்கொண்டான். அர்தாஷாத் என்ற தலைநகரைக் கட்டினான். அதற்கு இடம் பார்த்துச் சொன்னது, ரோமருக்குத் தப்பி ஓடி வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் என்று ஸ்ட்ராபோவும் புளூட்டார்க்கும் எழுதுகிறார்கள்.

இவன் செய்த இன்னொரு காரியம் என்னைக் கவர்ந்தது. நிலங்களுக்கு எல்லைக்கல் நட்டான். அந்தக் கற்கள் செவான் ஏரிப் பக்கம் கிடைத்திருக்கின்றன. அவற்றில் உள்ள எழுத்து என்ன தெரியுமா? அராமிய எழுத்து. ஆர்மேனிய மன்னன், ஆர்மேனிய மண்ணை அளந்து நட்ட கல்லில் ஆர்மேனிய எழுத்து இல்லை. அப்படி ஓர் எழுத்து அப்போது பிறக்கவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திக்ரான்: உச்சமும் சரிவும்

அர்தாஷெஸ் மரபில் வந்த இரண்டாம் திக்ரான் (கி.மு. 95 - 55) சாமானிய ஆள் இல்லை. இளமையில் பார்த்தியரிடம் பணயக் கைதியாக இருந்தவன். எழுபது பள்ளத்தாக்குகளைக் கொடுத்துவிட்டுத்தான் விடுதலை பெற்று வந்து அரியணை ஏறினான். பிற்பாடு கொடுத்ததையெல்லாம் திருப்பிப் பிடித்தான். பாண்டஸ் நாட்டு மன்னன் மித்ரிதாதஸின் மகளை மணந்தான். கி.மு. 83-இல் சிரியாவும் அவன் கைக்கு வந்தது. காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை அவன் செல்வாக்கு. தன்னை மன்னர் மன்னன் என்று அழைத்துக்கொண்டான். அவன் நாணயங்களில் நட்சத்திரமும் கழுகும் பொறித்த உயரமான கிரீடம் காணப்படும். ஆனால் சுற்றியுள்ள எழுத்து கிரேக்கம்.

தன் பெயரில் திக்ரானகெர்த் என்று ஒரு புது நகரம் எழுப்பினான். அதை நிரப்ப கப்படோசியாவிலிருந்தும் சிலிசியாவிலிருந்தும் ஜனங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக் கொண்டுவந்து குடியமர்த்தினான். கி.மு. 69-இல் ரோமத் தளபதி லுகல்லஸ் அந்நகரைத் தாக்க வந்தான். தூதுக்குழு என்றால் இது அதிகம், படை என்றால் இது போதாது என்று ரோமப் படையைப் பார்த்துத் திக்ரான் கேலி செய்ததாகப் புளூட்டார்க் சொல்கிறார். அன்றைக்கே அவன் தோற்றான். நகரத்தின் கதவை ரோமருக்குத் திறந்துவிட்டவர்கள் யார்? பலவந்தமாகக் கொண்டுவந்து குடியேற்றிய அந்த ஜனங்கள்தான். அவர்களை லுகல்லஸ் ஊருக்கு அனுப்பிவைத்தான். கி.மு. 66-இல் பாம்பேயிடம் திக்ரான் பணிந்து, 6,000 தாலந்து தண்டம் கட்டி, சொந்த நாட்டை மட்டும் மீட்டுக்கொண்டான்.

அவன் மகன் அர்தவஸ்த் கிரேக்க மொழியில் நாடகங்கள் எழுதியவன். அவை புளூட்டார்க் காலத்தில் கொஞ்சம் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. கி.மு. 34-இல் மார்க் ஆண்டனி அவனைச் சங்கிலியில் பிணைத்து அலெக்சாண்ட்ரியாவுக்கு இழுத்துப் போனான். அங்கே கிளியோபாட்ராவின் ஆணையால் கொல்லப்பட்டான். சில பத்தாண்டுகளில் அந்த மரபும் முடிந்தது.

அர்ஷகுனி மரபு: ரோமில் சூடிய கிரீடம்

அடுத்து ஆர்மேனிய அரியணைக்காக ரோமும் பார்த்தியாவும் அடித்துக்கொண்டன. கடைசியில் கி.பி. 63-இல் ராந்தேயா என்ற இடத்தில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பார்த்திய அரச குடும்பத்து இளவரசன் அரசனாக இருப்பான். கிரீடத்தை ரோமச் சக்கரவர்த்தி சூட்டுவான். ஆளுக்குப் பாதி மானம்! அந்த ஏற்பாட்டின்படி முதலாம் த்ரதத் ஒன்பது மாதம் தரை வழியாகவே பயணம் செய்து, கி.பி. 66-இல் ரோமில் நீரோவின் கையால் முடிசூட்டிக்கொண்டான். அவன் காலத்துக் கார்னி கல்வெட்டும் கிரேக்கத்தில்தான் இருக்கிறது. கார்னி கோயில் 1679 நிலநடுக்கத்தில் விழுந்து, 1975-இல் திருப்பிக் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த அர்ஷகுனி மரபில் வந்த இன்னொரு த்ரதத் காலத்தில்தான் கிறித்தவம் அரச மதமானது. கிரிகோர் என்ற துறவியை அவன் கொர்விராப் பாதாளச் சிறையில் பதின்மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்ததாகவும், பிறகு அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றதாகவும் மரபு வழிச் செய்தி. ஆண்டு 301 என்பது அவர்கள் நம்பிக்கை. 314-ஐ ஒட்டி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் உலகில் கிறித்தவத்தை ஏற்ற முதல் அரசுகளில் ஒன்று.

அரசனுக்குக் கீழே நகரார் எனப்பட்ட பிரபுக் குடும்பங்கள் இருந்தன. நம் பாடப் புத்தகத்தில் வரும் குறுநில மன்னர்களைப் போன்றவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரை உரிமை உண்டு. முடிசூட்டும் உரிமை பக்ரதுனி வீட்டுக்கு. சேனாதிபதிப் பதவி மாமிகோனியன் வீட்டுக்கு. அரசன் பலமாக இருந்தால் இவர்கள் தூண்கள். இளைத்தால் இவர்களே கடப்பாரை.

387-இல் ரோமும் பாரசீகமும் ஆர்மேனியாவை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன. மேற்குப் பகுதியில் அரச பதவி சீக்கிரமே ஒழிந்தது. கிழக்குப் பகுதி அரசன் பாரசீகரின் தயவில் இருந்தான்.

எழுத்து பிறந்தது, அரசு போனது

அந்தப் பாதி நாட்டின் அரசன் வ்ரம்ஷபுஹ். அவன் காலத்து நிலைமையைப் பாருங்கள். அரசவைக் கடிதங்கள் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் சிரியாக்கிலும். கோயிலில் வேதம் வாசிப்பது கிரேக்கத்திலோ சிரியாக்கிலோ. கேட்டுக்கொண்டு நிற்கிற ஜனத்துக்கு ஒன்றும் விளங்காது. நாடு பாதி போயாயிற்று; மிச்சமும் போனால் இவர்கள் பாரசீகரோடு பாரசீகராக, கிரேக்கரோடு கிரேக்கராகக் கலந்து போவார்கள்.

மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்பவர் அரசவை எழுத்தராக இருந்து துறவியானவர். தலைமைக்குரு சஹாக்கும் அரசனும் பக்கபலமாக நிற்க, மாணவர்களோடு எடெஸ்ஸா, சமோசாட்டா என்று அலைந்து, 405 வாக்கில் ஆர்மேனிய மொழிக்கென்று 36 எழுத்துகளை உருவாக்கினார். அவர் வரலாற்றை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் கோரியுன். உடனே பள்ளிகள் திறந்தார்கள், விவிலியத்தை மொழிபெயர்த்தார்கள். அர்தாஷெஸ் அராமியத்தில் கல் நட்டதிலிருந்து கணக்கிட்டால், கிட்டத்தட்ட 600 ஆண்டுகள் கடன் வாங்கிய எழுத்தில் ஆட்சி நடந்திருக்கிறது!

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 428-இல் நகரார்களே கூடி, எங்கள் அரசன் சரியில்லை, எடுத்துவிடுங்கள் என்று பாரசீகச் சக்கரவர்த்தியிடம் மனு கொடுத்தார்கள். சஹாக் மன்றாடித் தடுத்தார். குற்றமுள்ளவனானாலும் நம்மவன், அவனை அந்நியனிடம் காட்டிக் கொடுக்காதீர்கள் என்பது அவர் வாதம். யாரும் காது கொடுக்கவில்லை. சக்கரவர்த்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அரசனை இறக்கினான், புது அரசனை ஏற்றவில்லை. மார்ஸ்பான் என்ற பாரசீக ஆளுநர் வந்து உட்கார்ந்தார். நகரார்கள் எய்த அம்பு அரியணையையே தகர்த்துவிட்டது.

405-க்கும் 428-க்கும் இடையில் வெறும் 23 வருஷம். எழுத்து கொஞ்சம் தாமதித்திருந்தால் அதற்கு ஆதரவு தர ஓர் அரசன் இருந்திருக்க மாட்டான். இந்த 23 வருஷம்தான் ஆர்மேனிய வரலாற்றின் அச்சாணி என்பது என் எண்ணம்.

எழுத்து வந்ததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 451-இல் பாரசீகர் தங்கள் மதத்தைத் திணிக்க முயன்றபோது வர்தான் மாமிகோனியன் அவராயர் களத்தில் போரிட்டு மடிந்தான். போரில் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியை யெகிஷே தாய்மொழியில் வரலாறாக எழுதிவிட்டார். தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். 484-இல் பாரசீகமே இறங்கி வந்து மத உரிமையை ஒப்புக்கொண்டது.

பக்ரதுனியும் கிலிக்கியாவும்

428-க்குப் பின் 457 ஆண்டுகள் அரசன் இல்லை. அரபிகள் வந்தார்கள், ஆண்டார்கள். 885-இல் முன்பு முடிசூட்டும் உரிமை வைத்திருந்த அதே பக்ரதுனி வீட்டு அஷோத், தானே முடிசூடினான். காலிபாவும் கிரீடம் அனுப்பினார், பைசாந்தியச் சக்கரவர்த்தியும் அனுப்பினார். 961-இல் ஆனி நகரம் தலைநகராயிற்று. ஆயிரத்தொரு கோயில் நகரம் என்று அதற்குப் புகழ்ப்பெயர். அங்கே பேராலயம் கட்டிய சிற்பி த்ரதத்தைத்தான், 989 நிலநடுக்கத்தில் இடிந்த கான்ஸ்டான்டிநோபிள் ஹகியா சோபியாவின் கூரையைச் சீர்செய்ய அழைத்தார்கள். ஆனால் ராஜ்யம் ஒன்றாக இல்லை. வாஸ்புரகான், கார்ஸ், லோரி என்று கிளை அரசுகள். ஒவ்வொருவனும் ராஜா! 1045-இல் ஆனி பைசாந்தியர் கைக்குப் போனது. 1064-இல் செல்ஜுக் துருக்கியர் சூறையாடினார்கள். இன்று அது ஆளில்லாத இடிபாடு. 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தப்பியவர்களில் பலர் தென்மேற்கே மத்தியதரைக் கடலோரம் கிலிக்கியாவுக்குப் போனார்கள். சொந்த மண்ணை விட்டுப் போனவர்கள் வேற்று மண்ணில் அமைத்த அரசு அது. 1080 வாக்கில் ரூபன் மரபு தொடங்கியது. 1198-இல் லெவோன் தார்சஸ் நகரில் முடிசூடினான். பிறகு ஹெதும் மரபு. ஹெதும் மன்னன் மங்கோலியப் பேரரசனைப் பார்க்க 1254-இல் காரகோரம் வரைக்கும் போய் வந்தான். அயாஸ் துறைமுகத்தில் வெனிஸ், ஜெனோவா வணிகர் கூட்டம். சிலுவைப்போர் பிரெஞ்சுக்காரர்களின் பழக்கத்தில் ‘பாரோன்’ என்ற சொல் ஆர்மேனிய மொழிக்குள் வந்து, இன்றுவரை ‘திரு’ என்பதற்கு அதையே சொல்கிறார்கள். 1375-இல் எகிப்திய மாம்லுக்குகள் தலைநகர் சிஸ்ஸைப் பிடித்தார்கள். சிறைப்பட்ட கடைசி மன்னன் லெவோன் 1382-இல் விடுதலையாகி, ராஜ்யத்தை மீட்க ஐரோப்பிய அரசவைகளில் உதவி கேட்டு அலைந்து, 1393-இல் பாரிஸில் காலமானான்.

அரசன் இல்லாத காலம்

1375 தொடங்கி 1918-இல் குடியரசு அறிவிக்கும் வரை 543 ஆண்டுகள் அரசனும் இல்லை, அரசும் இல்லை. பிறகு சோவியத் ஆட்சி, 1991-இல் விடுதலை. அந்த நீண்ட இடைவெளியில் அவர்கள் காப்பாற்றியது சுவடிகளை. ஏடு எழுதி முடித்தவர் கடைசிப் பக்கத்தில், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் ஆட்சி, என்ன துன்பம் என்று குறிப்பு எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். கொள்ளை போன சுவடியை, கைதியை மீட்பதுபோல் பணம் கட்டி மீட்பார்கள். மூஷ் நகரத்து மடத்திலிருந்த பெரிய சுவடி 1200-க்கும் 1202-க்கும் இடையில் எழுதப்பட்டது. எடை சுமார் 28 கிலோ. 1915 இனப்படுகொலையின்போது அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்கள் சுமந்துகொண்டு ஓடினார்கள். ஒரு பாதி எச்மியாட்சின் மடத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் புதைத்து வைத்த மறுபாதியும் பிற்பாடு கிடைத்தது. இன்று அது யெரெவானின் மாதெனதரான் சுவடிக் காப்பகத்தில் இருக்கிறது. உயிருக்கு ஓடும் நேரத்தில் நகையை எடுப்போம், துணிமணியை எடுப்போம். 28 கிலோ புத்தகத்தை யார் எடுப்பார்கள்?

அச்சு வந்ததும் அதையும் விடவில்லை. முதல் ஆர்மேனிய நூல் 1512-இல் வெனிஸில் அச்சானது. 1604-இல் பாரசீக ஷா அப்பாஸ் ஜுல்ஃபா ஊராரைப் பெயர்த்தெடுத்து இஸ்பஹானில் குடியேற்றினான். அந்தப் புது ஜுல்ஃபாவிலிருந்து வந்த வணிகர்கள்தான் சூரத்திலும் கொல்கத்தாவிலும் மதராஸிலும் கடை விரித்தவர்கள். அவர்களில் ஒருவர் மதராஸ் வணிகர் ஷாஹாமிர் ஷாஹாமிரியன். 1772-இல் அங்கே ஆர்மேனிய அச்சகம் நடத்தினார். அங்கு வெளிவந்த மோவ்ஸெஸ் பக்ராமியனின் நூல், அரசர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் தம் இஷ்டப்படி ஆண்டதே நாடு அழியக் காரணம் என்று துணிந்து சொல்லியது. 1773 என்று ஆண்டிட்ட மற்றொரு நூல், வருங்கால ஆர்மேனியாவுக்கு ஓர் அரசியல் சாசனத்தையே எழுதிக் கொடுத்தது. அதில் அரசன் இல்லை. ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் சபை உண்டு; எல்லோருக்கும் மேலே சட்டம் உண்டு. அமெரிக்க அரசியல் சாசனம் 1787-இல்தான் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1794-இல் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் நடத்திய ‘அஸ்தரார்’, உலகின் முதல் ஆர்மேனிய இதழ். அதுவும் மதராஸில்தான். அவர் கல்லறை அரண்மனைக்காரன் தெரு ஆலயத்தில் இருக்கிறது.

நிறைவாக

திக்ரானிடம் பேரரசு இருந்தது. நாணயத்தில் சொந்த எழுத்து இல்லை. அர்தவஸ்திடம் புலமை இருந்தது. அவன் நாடகங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. வ்ரம்ஷபுஹிடம் பாதி நாடுதான் இருந்தது, அதுவும் நிலையில்லை. ஆனால் மூவரில் இன்றைய ஆர்மேனியக் குழந்தை கையில் நேராக வந்து சேர்ந்தது அவன் காலத்து வேலைதான். எழுத்து மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கோயில் இருந்தது, வணிகரின் பணம் இருந்தது, அவராயர் போல உயிரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்டியது அந்த 36 எழுத்துகள்.

கொல்கத்தா மிர்சா காலிப் தெருவில் 1821-இல் தொடங்கிய ஆர்மேனியக் கல்லூரி இருக்கிறது. இந்த நகரத்தில் ஆர்மேனியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. இருந்தும் ஆர்மேனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்து, ஆர்மேனிய எழுத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்தி வருகிறார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ஊர்ப் பாட்டிக்குப் போகிற கடிதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? சங்கத்தின் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புவதா, டியூஷனுக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் பெற்றோர், ஒரு தடவை அந்தத் தெருப் பக்கம் நடந்து போய்விட்டு வந்து முடிவு செய்யலாம் என்பது என் தாழ்மையான கருத்து.